மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு: சிங்கப்பூரில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவமனை ஆய்வுக் குழுக்களில் வேலை பார்க்கிறேன். ஆய்வு எதைப் பற்றியது என்று நோயாளிகளுக்கு விளக்கி, விருப்பப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வது என் பொறுப்பு. தமிழ் பேசும் நோயாளி என்றால் பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. இது மருத்துவ ஆலோசனை அல்ல. அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார்.

இந்த ஆய்வுகளில் என்னதான் செய்கிறார்கள்?

கண்ணின் படத்தைப் பார்த்து நீரிழிவுப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், வீட்டில் அளந்த ரத்த அழுத்தத்தைத் தாதிக்கு அனுப்பும் கருவி, டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெழுதும் செயலி, மருந்தின் அளவை ஆளுக்கு ஆள் கணக்கிடும் முறை என்று பலவும் உண்டு. சிங்ஹெல்த், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமம், தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமம் ஆகிய மூன்று பொதுத்துறைக் குழுமங்களிலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னணித் தொழில்நுட்பத்தைக் கவனிப்பது சினாப்ஸ் என்ற அமைப்பு. 2023 ஜூலை வரை அதன் பெயர் ஐஹிஸ்.

கருவியை உருவாக்குவது பாதி வேலை. அதனால் நோயாளிக்கு நிஜமாகவே நன்மை உண்டா என்று பார்ப்பது மீதிப் பாதி. செய்தியில் வருவது முதல் பாதிதான். கருவி ஒரு முடிவைச் சொன்ன பிறகு அந்த நோயாளிக்கு அடுத்து என்ன நடக்கிறது? எந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் தேடுவது இதற்கான பதிலைத்தான்.

இங்கே உருவாகி உருப்படியாக வந்த ஒன்றைச் சொல்லுங்களேன்.

செலினா பிளஸ். கண்ணின் படத்தைப் பார்த்து நீரிழிவுப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று மேலே சொன்னேனே, அதுதான். நீரிழிவு உள்ளவர்கள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஆண்டுதோறும் கண்ணைப் படம் எடுத்திருப்பீர்கள். மங்கலான அறை, முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்வார்கள், சின்ன வெளிச்சப் புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள், பளிச்சென்று ஒரு மின்னல். அவ்வளவுதான். திரையில் வரும் படம் ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக இருக்கும், அதில் ரத்தக் குழாய்கள் கிளைவிட்டு ஓடும். சிவப்பாகக் கடுகை விடச் சின்னப் புள்ளிகளோ மஞ்சள் திட்டுகளோ தென்பட்டால், சர்க்கரை விழித்திரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். பார்வை மங்குவதற்கு வெகு முன்பே அவை வந்துவிடும். அதனால்தான் "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று சொல்பவரையும் விடாமல் கூப்பிடுகிறார்கள்.

இந்தப் படங்களைப் பயிற்சி பெற்றவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து வாசிக்கும் தேசியத் திட்டம் 2010ல் தொடங்கியது. சிங்கப்பூர் தேசிய கண் நிலையம், சிங்கப்பூர் கண் ஆய்வுக் கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை ஆகியவை சேர்ந்து அந்த வாசிப்பைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தன. 2017ல் வெளியான ஆய்வில், பயிற்சிக்கும் சோதனைக்குமாக ஏறத்தாழ 5 லட்சம் படங்கள் பயன்பட்டிருந்தன. மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நிலையில் இருந்தவர்களில் 90.5 விழுக்காட்டினரைக் கருவி சரியாகப் பிடித்தது. அனுப்பத் தேவையில்லாதவர்களில் 91.6 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டது. அதாவது, பாதிப்புள்ள நூறு பேரில் ஒன்பது பத்துப் பேரைத் தவறவிடும். பாதிப்பில்லாத நூறு பேரில் எட்டு ஒன்பது பேரை வீணாக அலைய வைக்கும்.

2020ல் வந்த செலவுக் கணக்கு எனக்கு இதைவிடப் பிடிக்கும். மனிதர்கள் மட்டும் வாசித்தால் நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 77 அமெரிக்க டாலர். கருவி மட்டும் வாசித்தால் 66. கருவி முதலில் பார்த்து, அது சந்தேகப்பட்ட படங்களை மட்டும் மனிதர் மறுபடி பார்த்தால் 62. ஆளே வேண்டாம் என்ற ஏற்பாடு ஏன் கூடுதலாகச் செலவு வைக்கிறது? கருவி வீணாகச் சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் நேரே நிபுணரிடம் போய் நிற்பார்கள். நடுவில் ஒருவர் பார்த்து "இவருக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினால் அந்தச் செலவும் மிச்சம், நோயாளிக்கு அரைநாள் விடுப்பும் மிச்சம்.

அப்படியானால் தாதிகளுக்கும் டாக்டர்களுக்கும் வேலை போகாதா?

மேலே சொன்ன 62 டாலர் கணக்கைப் பாருங்கள். போகாது, வேலை மாறும்.

சீனர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊர். அவர்கள் தரவை வைத்துக் கற்ற கருவி நமக்குச் சரியாக வருமா?

நியாயமான கேள்வி, இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டிய கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் 9 விழுக்காடு. ஆனால் 2010 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு இந்தியர்களுக்கு 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களுக்கு 16.6, சீனர்களுக்கு 9.7. தலைக்கணக்கில் சின்னக் கூட்டம், சர்க்கரையில் முதல் வரிசை. ஊரின் விகிதாச்சாரப்படியே தரவு சேர்த்தால், அதிகம் பாதிக்கப்படும் நம்முடைய படங்கள் அதில் குறைவாகத்தான் இருக்கும்.

கண் ஆய்வில் இதற்கு ஓரளவு பதில் இருக்கிறது. 2007 முதல் 2009 வரை, தீவின் தென்மேற்கு வட்டாரங்களில் 40 வயதைத் தாண்டிய 3,400 இந்தியர்களை அழைத்துக் கண் பரிசோதனை செய்தார்கள். அப்போது செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சே அங்கே கிடையாது. இந்தியர்களிடையே கண் நோய்கள் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். பிறகு 2017 ஆய்வில் கருவியைச் சோதிக்க எடுத்த தரவுத் தொகுப்புகளில் அவர்களுடைய படங்களும் ஒன்று. கிளமெண்டியிலோ ஜூரோங்கிலோ குடியிருக்கும் ஏதோ ஒரு தாத்தாவும் பாட்டியும் அன்றைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிப் போயிருக்காவிட்டால், "இந்தியர்களிடம் சோதித்தோம்" என்று பத்து ஆண்டு கழித்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

சிங்கப்பூர்ப் படங்களில் கற்ற இன்னொரு நிரலை ஜாம்பியாவில் 1,574 நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்து 2019ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கேயும் அது நன்றாகவே வேலை செய்தது. மரபணு ஆய்விலும் இதே அக்கறை உண்டு. 2019ல் வெளியான தொகுப்பில் 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணு வரிசை இருந்தது. அவர்களில் 1,127 பேர் இந்தியர், அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். நம் மக்கள்தொகைப் பங்கைவிட வேண்டுமென்றே கூட்டி எடுத்திருக்கிறார்கள். அடுத்த கட்டமான எஸ்ஜி100கே ஒரு லட்சம் பேரை இலக்காக வைத்துத் தொடங்கப்பட்டது.

எல்லா இடத்திலும் இவ்வளவு கவனம் இருந்தது என்று நினைக்க வேண்டாம். விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி கோவிட் சமயத்தில் வீட்டுக்கு வீடு வந்தது அல்லவா? தோல் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் அது அளக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டியவர்களை எடுத்து ரத்தத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காட்டினருக்கு உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு. பல்லாண்டுகளாக உலகமே நம்பிய கருவி இது. நம் தோல் நிறமும் ஒரே மாதிரி இல்லை. அதனால் கைக்கடிகாரம், விரல் கருவி எதுவாக இருந்தாலும், காட்டும் எண் சரியாக இருக்கிறதே என்று மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்க வேண்டும்?

சிங்கப்பூரில் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015லிருந்து இருக்கிறது. அதன்கீழ் வரும் ஆய்வு எதுவும் நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் இல்லாமல் தொடங்க முடியாது. ஆகவே அடிப்படைப் பாதுகாப்பு இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு.

என்னிடமிருந்து எதை எடுக்கிறீர்கள்: படமா, ரத்தமா, மரபணுவா, குரலா? என் பெயர் எந்தக் கட்டத்தில் நீக்கப்படும், அந்தப் பெயர்ப்பட்டியல் யார் கையில் இருக்கும்? நிறுவனம் ஏதாவது பங்கு வகிக்கிறதா, தரவு வெளிநாட்டுக்குப் போகுமா? இவை படிவத்திலேயே இருக்கும். ஆனால் பதினைந்து பக்கத்துக்குள் புதைந்திருக்கும். பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள்.

படிவத்தைப் புரட்டி முடித்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கும். ஆய்வின்போது என் உடம்பில் எதிர்பாராத ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா, சொன்னால் யாரிடம் அனுப்புவீர்கள்? சில ஆய்வுகள் சொல்லும், சில சொல்லாது. இரண்டுமே முறைதான். ஆனால் "ஆய்வில் சேர்ந்திருக்கிறேன், ஏதாவது இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்" என்று வழக்கமான பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவருக்குப் பதில் நான் கையெழுத்துப் போடலாமா?

அம்மாவுக்கு நினைவும் புத்தியும் தெளிவாக இருந்தால், போடக்கூடாது. முடிவு அவருடையது. தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள், அன்றைக்கு ஆள் இல்லை என்றால் வேறு நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவும் கேட்கலாம்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: அம்மாவைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். ஒரு வயதான அம்மாவிடம் தரவுப் பாதுகாப்பு, குறியாக்கம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, "சரிப்பா, இதெல்லாம் என் மருமக பார்ப்பாளா?" என்றார். மருமகள் அதே மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறாராம். யாரும் எதிர்பார்க்காத கேள்வி, ஆனால் அவருக்கு அதுதான் பெரிய விஷயம். ஆய்வுக் குழுவில் இல்லாத யாரும் பார்க்க முடியாது, அனுமதியில்லாமல் பதிவைத் திறந்தால் யார் திறந்தார் என்று தெரிந்துவிடும் என்று சொன்ன பிறகுதான் பேனாவை வாங்கினார்.

2018ல் நடந்த மாதிரி தரவு மறுபடியும் திருடு போகாது என்று என்ன நிச்சயம்?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 4 வரை சிங்ஹெல்த் கட்டமைப்பில் ஊடுருவி, 15 லட்சம் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி போன்ற விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அவர்களில் 1,60,000 பேருக்கு எழுதிக்கொடுத்த மருந்து விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அதில் ஒருவர். மறு ஆண்டு ஐஹிஸுக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

ஆய்வுக்குத் தரும் தரவில் பெயரும் அடையாள எண்ணும் நீக்கப்பட்டிருக்கும். டிரஸ்ட் என்ற தேசியத் தளம் இப்படிப் பெயர் நீக்கிய தரவை, கட்டுப்பாடான சூழலுக்குள் வைத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுகிறது. ஆனாலும் சிறுபான்மைச் சமூகத்துக்கு ஒரு சிக்கல் உண்டு, இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. "67 வயது, ஆண், சீனர், நீரிழிவு" என்றால் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். "67 வயது, ஆண், இந்தியர்" என்று போட்டு அரிய நோய் ஒன்றையும் வட்டாரத்தையும் சேர்த்தால், மிஞ்சுபவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அரிய நோய் உள்ளவர்கள் வயது, வட்டாரம் போன்றவற்றை எவ்வளவு துல்லியமாகப் பதிகிறீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிந்து பிரீமியம் ஏறிவிடுமா?

தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவைக் காப்புறுதி மதிப்பீட்டுக்கோ வேலை நியமனத்துக்கோ திறந்து பார்க்க அனுமதி இல்லை. மரபணுப் பரிசோதனைக்குத் தனியாகச் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட உடன்பாடு 2021 அக்டோபரில் நடப்புக்கு வந்தது: காப்புறுதி எடுக்க வருபவரை மரபணுச் சோதனை செய்துகொண்டு வா என்று சொல்லக்கூடாது, ஆய்வுக்காகச் செய்த சோதனையின் முடிவைக் கேட்கவும் கூடாது. பெரிய தொகைக் காப்புறுதிகளில், டாக்டர் சொல்லிச் செய்த ஒருசில சோதனைகளுக்கு விதிவிலக்கு உண்டு. ஆய்வுச் சோதனையும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் சோதனையும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள்.

நடுவில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சிகிச்சைக்கும் பாதிப்பில்லை. விலகுவதற்கு முன் சேகரித்த தரவைப் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். அதைத் திரும்ப அழிக்கச் சொல்ல முடியும் என்று எண்ண வேண்டாம்.

தமிழில் பேசினால் இந்தக் கருவிகளுக்குப் புரியுமா?

முன்பைவிடப் பரவாயில்லை. சிங்ஹெல்த்தில் பயன்படும் நோட் படி என்ற செயலி, டாக்டர் நோயாளியிடம் பேசுவதைக் கேட்டுக் குறிப்பாக்குகிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளையும் கையாளும்படி அதை உருவாக்கியிருக்கிறார்கள். ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட சீ-லயன் மொழி மாதிரிகளிலும் (சாட்ஜிபிடி மாதிரியான செயலிகளுக்கு அடித்தளமாக இருக்கும் வகை) தமிழ் உண்டு.

ஆனால் நம் மூத்தோர் பேசுவது வேறு தினுசு. "காலைல பாசார் போய்ட்டு வந்தா முட்டி புடிச்சிக்குது டாக்டர், ரெண்டு பனடோல் போட்டா ஓகே, ஆனா நைட்டு மறுபடி சகிட்" என்பதில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. இப்படிப்பட்ட வாக்கியத்தில் எந்தச் சொல்லைக் கருவி நழுவவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தக் குறிப்பை அப்படியே பதிவில் சேர்க்கிறார்களா, டாக்டர் வாசித்துத் திருத்துகிறாரா என்பதுதான் விஷயம். திருத்த வேண்டும் என்பதே விதி. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது எவ்வளவு கவனமாக வாசிப்பார்? நீங்கள் கிளம்புமுன், "டாக்டர், நான் சொன்னதை ஒருதடவை சொல்லுங்க" என்று கேட்டால் பத்து வினாடிதான் ஆகும்.

ரத்தப் பரிசோதனை முடிவைச் சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா?

கேட்கிறார்கள், கேட்காதே என்று சொல்லிப் பயனில்லை. அடையாள அட்டை எண், பெயர், மருத்துவமனைத் தலைப்பு மூன்றையும் மறைத்துவிட்டுக் கேளுங்கள். டாக்டரிடம் என்ன விசாரிப்பது என்று தயார் செய்துகொள்ள நல்லது. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ அதன் பேச்சைக் கேட்காதீர்கள். நோயைக் கண்டறியும் மென்பொருள் மருத்துவச் சாதனமாகச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பார்வைக்குப் போக வேண்டும். பொதுவான உரையாடல் செயலி அப்படி எந்தச் சோதனையும் தாண்டி வந்ததல்ல.

அப்புறம், அளவை அலகை எழுத மறக்காதீர்கள். இங்கே ரத்தச் சர்க்கரை மில்லிமோல் கணக்கில் வரும், தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கில். இங்கே 7.2 என்பது அங்கே ஏறத்தாழ 130. 18ஆல் பெருக்கினால் கிடைக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் 7.2 என்று வரலாம், ஆனால் அது விழுக்காடு, வேறு சங்கதி. வெறும் "7.2 இருக்கு, சரியா?" என்று கேட்டால் கருவி ஏதோ ஒன்றை ஊகித்துக்கொண்டு தெம்பாகப் பதில் சொல்லும். சென்னையில் இருக்கும் சித்தப்பாவும் அப்படித்தான்.

வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் திட்டத்தில் அப்பாவைச் சேர்க்கலாமா? அவருக்குக் கைப்பேசி சரியாக வராது.

பலதுறை மருந்தகங்களில் அப்படி ஒரு திட்டம் உண்டு. புளூடூத் வழியாக அளவு போகும், தானியங்கிச் செய்தி வரும், தேவைப்பட்டால் பராமரிப்புக் குழு அழைக்கும். 2024 ஏப்ரலிலிருந்து, வார்டில் படுக்க வேண்டிய சிலர் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறும் திட்டமும் முறையான சேவையாகிவிட்டது.

அப்பாவுக்கு வராவிட்டால் வீட்டில் யாருக்கு வரும் என்று பாருங்கள். பல வீடுகளில் அது பணிப்பெண்தான். அப்படியானால் அவரையும் விளக்கத்துக்கு அழைத்து வாருங்கள். இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: இரவு 11 மணிக்கு 190 என்று காட்டினால் அந்த எண்ணை யார் பார்ப்பார்? மறுநாள் காலைதான் பார்ப்பார்கள் என்றால் அதில் குற்றமில்லை, ஆனால் அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எண்ணை அனுப்பியாயிற்று, அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒருவருக்கென்றே மருந்தளவைக் கணக்கிடும் முறை இருக்கிறதாமே?

பேராசிரியர் டீன் ஹோவின் குழு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கியூரேட் ஏஐ என்ற பெயரில் செய்துவருகிறது. மற்றவர்களின் லட்சக்கணக்கான பதிவுகளைத் தேடாமல், ஒரே நோயாளிக்கு முன்பு என்ன அளவு கொடுத்தபோது உடம்பு எப்படி நடந்துகொண்டது என்பதை மட்டும் வைத்து அடுத்த அளவைப் பரிந்துரைக்கும். புற்றுநோய் மருந்துகளில் சோதித்திருக்கிறார்கள். இன்னும் ஆய்வு நிலைதான். டாக்டரிடம் போய் எழுதிக் கேட்டு வாங்கக் கூடியதல்ல.

கருவி தப்பாகச் சொன்னால் யார் பொறுப்பு?

உங்களைப் பொறுத்தவரை, சிகிச்சை தரும் டாக்டரும் மருத்துவமனையும். "கம்ப்யூட்டர் சொன்னது" என்பது சாக்கு ஆகாது. சுகாதார அமைச்சு, சுகாதார அறிவியல் ஆணையம், அப்போது ஐஹிஸ் என்றிருந்த சினாப்ஸ் மூன்றும் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி, கருவியை உருவாக்குபவருக்கும் அதைப் பயன்படுத்தும் மருத்துவமனைக்கும் என்னென்ன கடமை என்று பிரித்துச் சொல்கிறது. வாங்கி வைத்த பிறகும் கண்காணிக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ரத்த நச்சு (செப்சிஸ்) எச்சரிக்கை நிரல் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 67 விழுக்காட்டினரை அது தவறவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, தேவையில்லாமல் நிறையவே மணியடித்தது. அப்படி அடித்துக்கொண்டே இருந்தால் தாதிகள் கொஞ்ச நாளில் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் "சுகாதார ஆய்வில் சேருங்கள், 300 வெள்ளி தருகிறோம்" என்று வந்தது. உண்மையா?

பங்கேற்பவருக்குப் போக்குவரத்துச் செலவு, நேரத்துக்கான சிறு தொகை தருவது வழக்கம்தான். அதனால் பணம் என்ற ஒன்றை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. எந்த மருத்துவமனை, தலைமை ஆய்வாளர் யார், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்து விசாரியுங்கள். சிங்பாஸ் கடவுச்சொல், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீடு, "பதிவுக் கட்டணம்" இவற்றில் எதைக் கேட்டாலும் அது ஆய்வே இல்லை. சந்தேகமாக இருந்தால் 1799க்கு அழையுங்கள், மோசடி தடுப்பு உதவி எண் அதுதான், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.